அசோகர் மரம் நட்டார்... சரி, அப்புறம் என்ன செய்தார்?

பின்வரிசை_பல்லவன் (இழையைத் தொடங்கியவர்)

பள்ளிக்கூடம் போன எவரையும் நடுராத்திரி எழுப்பி "அசோகர்" என்று சொல்லிப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே "சாலையோரம் மரங்களை நட்டார்" என்பார். இன்னும் கொஞ்சம் உலுக்கினால் "கிணறு வெட்டினார், சத்திரம் கட்டினார்" என்று சேர்த்துக்கொள்வார். ஷேர்ஷாவா? சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார். கரிகாலனா? அணை கட்டினார். ராஜராஜனா? கோயில் கட்டினார். நம் வரலாற்றுப் பாடத்தை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் இரண்டாயிரம் வருஷத்து பொதுப்பணித்துறை டெண்டர் பட்டியல் மாதிரிதான் இருக்கிறது.

அசோகர் மரம் நட்டது பொய்யில்லை. ஏழாம் தூண் கல்வெட்டில் ஆலமரம், மாந்தோப்பு, கிணறு எல்லாம் வருகிறது. ஆனால் அதைச் சொல்லி முடித்த கையோடு அவரே என்ன சொல்கிறார் தெரியுமா? இதெல்லாம் அற்ப விஷயம், எனக்கு முன்னால் இருந்த அரசர்களும் செய்ததுதான், மக்கள் தம்மத்தின்படி, அதாவது அறநெறிப்படி, நடக்கவேண்டும் என்பதற்காகவே நான் செய்தேன், என்கிற அர்த்தத்தில் வெட்டி வைத்திருக்கிறார். எதை அவர் அற்பம் என்றாரோ, அதற்குத்தான் நாம் ஐந்து மார்க் கொடுக்கிறோம்.

அவர் மனசு தெரியும் இடங்கள் வேறு. முதலாம் பாறைக் கல்வெட்டைப் பாருங்கள். முன்பெல்லாம் அரண்மனைச் சமையலறையில் குழம்புக்காகத் தினமும் லட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது மூன்றே மூன்று: இரண்டு மயில், ஒரு மான், அந்த மானும் எப்போதும் இல்லை, இனிமேல் இந்த மூன்றும் கிடையாது என்கிறார். சைவத்துக்கு மாறுகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு "நாளையிலிருந்து" என்று தள்ளிப்போடுகிற மனுஷன் இதற்குள் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், 1,50,000 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், அதை நினைத்து வருந்துகிறேன் என்று சொல்லும் புகழ்பெற்ற பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு கலிங்கத்தில் இல்லை. தௌலியிலும் ஜௌகடாவிலும் அந்தப் பகுதியை விட்டுவிட்டு வேறு ஆணைகளை வெட்டியிருக்கிறார்கள். மன்னிப்புக் கடிதத்தை அடிவாங்கியவன் வீட்டைத் தவிர ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறார். அதே கல்வெட்டில் காட்டு மக்களுக்கு "நான் வருந்தினாலும் என்னிடம் பலம் இருக்கிறது, ஜாக்கிரதை" என்ற தோரணையில் ஒரு மிரட்டலும் உண்டு.

இழைக்கு ஒரே விதி. பாடப்புத்தகம் நம்மிடம் மறைத்த சுவாரசியமான சங்கதி ஏதாவது கொண்டு வாருங்கள். கிண்டல் செய்யலாம், கதை விடக்கூடாது. வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

---

கட்ஆஃப்_172

ப்ரோ, "மரம் நட்டார்" என்று எழுதினால் ஐந்து மார்க். "மயில் குழம்பு சாப்பிட்டார்" என்று எழுதினால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். நான் குரூப் 4க்குப் படிக்கிறேன். எனக்கு அசோகர் மனசு வேண்டாம், நான்கு விடையில் எது சரி என்று மட்டும் சொல்லுங்கள். அசோகர் கல்வெட்டின் பிராமி எழுத்தைப் படித்தவர் ஜேம்ஸ் பிரின்செப், 1837. முடிந்தது. அடுத்தது.

நடப்பு நிகழ்வுகள் அதைவிடக் கொடுமை. நாங்கள் மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, முடிவு வருவதற்குள் அந்த நிகழ்வு வரலாற்றுப் பகுதிக்குப் போய்விடும். அப்போதைய ஆளுநர் யார் என்று உருப்போட்டு வைத்திருப்போம், அவர் மாற்றலாகியிருப்பார்.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார்

தம்பி பல்லவன், கேலி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் கேளுங்கள். ஒரு வகுப்பில் ஐம்பது அறுபது பிள்ளைகள். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் மேசைமேல் கட்டுக்கட்டாகத் தாள். கையில் விடைக்குறிப்பு. அதில் "மரம் நட்டார்" இருக்கிறது. "அதை அற்பம் என்று அசோகரே கூறினார்" இல்லை. உங்களைப் போல் ஒரு பையன் எழுதினால் மேற்பார்வையாளரிடம் போய் வாதாட வேண்டும். அதற்குள் பக்கத்து மேசைக்காரர் இரண்டு கட்டு முடித்திருப்பார்.

நானும் ஒருமுறை வகுப்பில் மயில் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அடுத்த வாரம் தேர்வில் பாதிப்பேர் "அசோகர் மயில் வளர்த்தார்" என்று எழுதினார்கள்.

---

பின்வரிசை_பல்லவன்

சார், அந்தப் பாதிப்பேருக்கு இன்றைக்கும் அசோகரின் மயில் ஞாபகம் இருக்கும். மீதிப்பேருக்கு என்ன ஞாபகம் இருக்கும்? மரம்தான். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், விடைக்குறிப்புதான் தோற்றது.

---

மெஸ்_பாக்கி

விடுதிப் பிள்ளைகள் சார்பாக வந்திருக்கிறேன்.

கல்வெட்டு என்றாலே போர், வெற்றி, பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, முக்கால்வாசி மெஸ் கணக்கு. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்ற ஊரில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கல்லூரி. இளநிலை மாணவர் 270, முதுநிலை 70, ஆசிரியர் 14 பேர். யாருக்கு எத்தனை நாழி (அந்தக் காலத்து முகத்தல் அளவு) நெல் என்று தனித்தனியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஜூனியருக்கு ஒரு நாளைக்கு 6 நாழி. சீனியருக்கு ஒரு குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. சீனியருக்குப் பெரிய கரண்டி என்பது ஆயிரம் வருஷத்து மரபு, மச்சி. இனிமேல் யாரும் குறை சொல்லாதீர்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது திருமுக்கூடல். செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையில், பாலாற்றங்கரை. வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு. பள்ளி, விடுதி, 15 படுக்கை கொண்ட மருத்துவமனை, வைத்தியர், அறுவை செய்பவர், மருந்துப் பட்டியல் எல்லாம் இருக்கிறது. அதில் மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும், ராத்திரி விளக்குக்கும் எண்ணெய் ஒதுக்கியிருக்கிறார்கள். வருஷத்துக்கு 51 சனிக்கிழமை என்று எண்ணிப் போட்டிருக்கிறார்கள். 52 போட்டிருந்தால் தணிக்கையில் மாட்டியிருப்பார் போல அந்தக் கணக்கர்.

எங்கள் விடுதியில் தலைக்கு வைக்க எண்ணெய் கேட்டால் காப்பாளர் எங்கள் தலையைத்தான் பார்ப்பார்.

---

அரியர்_ஆழ்வார்

ராத்திரி விளக்குக்கு எண்ணெய் கொடுத்தார்களா! அப்படியானால் கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து படிப்பதற்குக் கல்வெட்டு ஆதாரமே இருக்கிறது. பேராசிரியரிடம் காட்டப் போகிறேன்.

---

பின்வரிசை_பல்லவன்

மெஸ் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். இந்த இழைக்கே நான் வைத்திருந்த வெடி இது.

ராஜராஜன் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் சாதனைகளைப் புகழும் பகுதி. "திருமகள் போல" என்று தொடங்குவது. அதில் அவருடைய முதல் சாதனையாக வருவது "காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி". பள்ளியில் எங்களுக்கு "சேரர்களின் கப்பற்படையை அழித்தார்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அறிஞர்கள் நூறு வருஷமாக இந்த ஒரு வரிக்காக மல்லுக்கட்டுகிறார்கள். கலம் என்றால் கப்பல் என்கிறது ஒரு கட்சி. சாலை என்பது வேதம் படிக்கிற பிள்ளைகள் தங்கிச் சாப்பிட்ட நிலையம், கலம் என்றால் சாப்பிடுகிற பாத்திரம், ஆகவே அந்தச் சாப்பாட்டு மானியத்தை மாற்றியமைத்தார் அல்லது நிறுத்தினார் என்கிறது இன்னொரு கட்சி. கலம் என்றால் வழக்கு, வில்லங்கம் என்று சொல்பவர்களும் உண்டு.

இரண்டாவது கட்சி சொல்வது சரி என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கடல் கடந்து வென்ற வம்சத்தின் மாபெரும் சக்கரவர்த்தி, தன் வாழ்க்கையின் முதல் வீரச்செயலாக எழுதிக்கொண்டது ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸை மூடியது!

சாலை என்றால் மாணவர் விடுதி என்பது கற்பனை இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து பார்த்திவபுரத்தில் ஆய் வம்சத்து அரசன் கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு சாலை அமைத்தான். 95 மாணவருக்கு. "காந்தளூரில் எப்படியோ இங்கும் அப்படி" என்பது ஏற்பாடு. அந்தச் செப்பேட்டில் விடுதி விதிகள்கூட இருக்கின்றன: ஆயுதத்தோடு சபைக்கு வரக்கூடாது, ஒருவரை ஒருவர் திட்டினால் அபராதம், அறைகளில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக்கூடாது. விதி எழுதுகிறார்கள் என்றால் யாரோ ஏற்கெனவே செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேதம் படிக்க வந்த பிள்ளைகள் கத்தியோடு திரிந்திருக்கிறார்கள் பாருங்கள்.

---

புலிக்கொடி_1010

இதைப் படிக்க வருத்தமாக இருக்கிறது. உலகமே வியக்கும் ஒரு மாமன்னரை மெஸ் மூடியவர் என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். வெள்ளைக்காரன் நம் வரலாற்றைக் கேவலப்படுத்தினான், இப்போது நீங்களே செய்கிறீர்கள். வேறு எந்த மாநிலத்துக்காரனாவது தன் அரசனை இப்படிப் பேசுவானா?

---

பின்வரிசை_பல்லவன்

புலிக்கொடி அண்ணே, கோபம் நியாயம்தான். ஆனால் கேலி செய்வது வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள். என் பெயரில் இருக்கிற பல்லவனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டு, காஞ்சிபுரம். அவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் ஓர் அங்கத நாடகம். கதை இதுதான். குடித்துவிட்டுத் தோழியோடு தள்ளாடி வரும் காபாலிகன் (மண்டையோட்டில் பிச்சையெடுக்கும் சைவத் துறவி) ஒருவன், பிச்சைக்கும் குடிக்கும் வைத்திருந்த மண்டையோட்டைத் தொலைத்துவிடுகிறான். அதில் இறைச்சி இருந்தது, ஆகவே எடுத்தது நாயாக இருக்கவேண்டும் அல்லது புத்த பிட்சுவாக இருக்கவேண்டும் என்பது அவன் தீர்ப்பு. வழியில் ஒரு பிட்சு மாட்டுகிறார். அந்தப் பிட்சுவோ, புத்தர் நல்ல படுக்கையும் நல்ல சாப்பாடும் அனுமதித்தாரே, மதுவையும் பெண்களையும் மட்டும் எப்படி விட்டிருப்பார், பொறாமை பிடித்த கிழட்டுப் பிட்சுக்கள்தான் அந்தப் பக்கத்தை மறைத்திருக்க வேண்டும், மூலப் பிரதியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வருகிறார்! இருவருக்கும் கைகலப்பு. நடுவே ஒரு பாசுபதன், அதாவது வேறொரு சைவப் பிரிவுத் துறவி, பஞ்சாயத்துக்கு வருகிறான். நீதிமன்றம் போகலாமா என்றால், மடத்தில் காசு இருக்கிறது, அதிகாரிகள் வாயை அடைத்துவிடுவார்கள் என்று காபாலிகன் தரப்பு பின்வாங்குகிறது. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் நாயிடமிருந்து பிடுங்கிய ஓட்டோடு வருகிறான்.

தன் தலைநகரத்தையே, தன் நீதிமன்றத்தையே மேடையில் ஏற்றிச் சிரிக்கவைத்த அரசன் அவன். மண்டகப்பட்டுக் குகையில் "செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன்" என்று பெருமையடித்துக்கொண்டவனும் அவன்தான். தன் பட்டங்களில் ஒன்றாக "மத்தவிலாசன்" என்று போட்டுக்கொண்டான். நான் சிரித்தால் மட்டும் பண்பாடு கெட்டுவிடுமா?

---

புலிக்கொடி_1010

அது சரி. ஆனால் ராஜராஜன் மெஸ்ஸை மூடினார் என்பது ஒரு கருத்து மட்டுமே. கப்பல் கட்சியையும் சமமாகப் போடுங்கள்.

---

பின்வரிசை_பல்லவன்

போட்டிருக்கிறேன் அண்ணே, முதல் கட்சியே அவர்கள்தான்.

---

யாழ்தேவி

எங்கட பக்கத்திலிருந்தும் ஒன்று.

மனுநீதிச் சோழன் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். திருவாரூர், ஆராய்ச்சி மணி, தேர்க்காலில் கன்று, மகனைத் தேரேற்றிக் கொன்ற தகப்பன். சென்னை உயர் நீதிமன்றத்தில் சிலைகூட இருக்கிறதாம். சரி, இப்போது மகாவம்சத்தைத் திறவுங்கள். பாளியில் பிக்குகள் எழுதிய இலங்கை வரலாறு. அதில் சோழநாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் வருகிறான். அவன் கட்டில் தலைமாட்டில் ஒரு மணி. அவனது மகன் தேரில் போகும்போது ஒரு கன்று சக்கரத்தில் சாகிறது. பசு மணி அடிக்கிறது. அரசன் அதே சக்கரத்தால் மகனின் தலையை வெட்டுவிக்கிறான். ஒரே கன்று, இரண்டு அரசர். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று நான் கேட்க மாட்டேன், இந்த இழை பிறகு வேறு எங்கேயோ போய்விடும்.

மகாவம்சம் அதோடு நிற்கவில்லை. மணியைக் கட்டிவிட்டால் எல்லாரும் அடிப்பார்கள்தானே. ஒரு பாம்பு பனைமரத்தில் ஏறிப் பறவைக் குஞ்சை விழுங்கிவிட்டது. தாய்ப்பறவை வந்து மணி அடித்தது. அரசன் பாம்பைப் பிடித்துவரச் செய்து, வயிற்றைக் கிழித்துக் குஞ்சை எடுத்துவிட்டு, பாம்பை மரத்தில் தொங்கவிட்டான். பாம்பின் தரப்பை யாரும் விசாரிக்கவில்லை. பிறகு ஒரு கிழவி. வெயிலில் காயப்போட்ட அரிசி காலம் தவறிப் பெய்த மழையில் நனைந்துவிட்டதென்று மணி அடித்தாள். அரசன் பட்டினி கிடந்து தேவர்களோடு பேசி, இனி மழை வாரம் ஒருமுறை, அதுவும் நடுச்சாமத்தில் மட்டும் பெய்யும்படி ஏற்பாடு செய்தான். வானிலையையே அட்டவணை போட்ட ஒரே நிர்வாகம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சிங்கள அரசன் துட்டகைமுனு கையால் எல்லாளன் சாவதுதான் அந்த நூலின் பெரிய கட்டம். தோற்கப்போகிற எதிரியைப் பற்றி, அதுவும் வேறு சமயத்தவனைப் பற்றி, இவ்வளவு நல்லதை அந்தப் பிக்குகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் செத்த இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பி, அந்த வழியே போகிறவர்கள் வாத்தியத்தை நிறுத்தவேண்டும் என்று துட்டகைமுனு ஆணையிட்டதாகவும் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இரண்டு பேர் சண்டை போட்டதும் ஒருவர் செத்ததும்தான் சோதனைக்கு வந்தது.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார்

அம்மா, பாம்புக் கதை எனக்கே புதிது. இதை முப்பது வருஷம் முன்பு யாராவது சொல்லியிருந்தால் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவை நான் இன்னும் நன்றாகச் சமாளித்திருப்பேன்.

---

சபா_கேன்டீன்

இசைப் பக்கம் யாரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி சீசன் என்றதும் ஏதோ வேதகாலத்திலிருந்து வருவதாக நினைக்கிறார்கள். 1927ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதை ஒட்டி ஓர் இசை மாநாடு வைத்தார்கள். அதிலிருந்து 1928ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அரசியல் கூட்டத்துக்கு வந்த கூட்டத்தை உட்காரவைக்கப் பாட்டு என்பது அன்றே தொடங்கிவிட்டது. இன்றைக்கும் எங்கள் ஊர் பொதுக்கூட்டத்தில் தலைவர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் முதலில் கச்சேரிதான்.

சுத்தம், மரபு என்று நெற்றி சுருக்குபவர்களிடம் நான் எப்போதும் கேட்கும் கேள்வி: முத்துசுவாமி தீட்சிதரை என்ன செய்வீர்கள்? கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவர். குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது கோட்டையில் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்தியம் கேட்டிருக்கிறார். கேட்டதோடு விடவில்லை. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதிவிட்டார். நோட்டுஸ்வர சாகித்தியம் என்று முப்பதுக்கு மேல் இருக்கிறது, எல்லாம் சங்கராபரண ராகம். அதில் "சந்ததம் பாஹிமாம்" யாருடைய மெட்டு தெரியுமா? பிரிட்டிஷ் ராஜாவைக் கடவுள் காப்பாற்றட்டும் என்கிற அவர்களுடைய தேசிய கீதம். ராஜாவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சங்கீத சியாமளையை உட்காரவைத்திருக்கிறார் மனுஷர். இன்று ஒரு சினிமா இசையமைப்பாளர் நான்கு சுரம் எடுத்தால் "காப்பி" என்று மீம் போடுகிறீர்கள். அவர் தம்பி பாலுசுவாமி அதே வெள்ளைக்காரர்களிடமிருந்து வயலினைக் கற்றுக்கொண்டு வந்தார். இப்போது வயலின் இல்லாமல் கச்சேரி உண்டா?

ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் பற்றியும் சொல்லவேண்டும். கட்டினார் கட்டினார் என்கிறீர்களே, சுவர் முழுக்க சம்பளப் பட்டியல்தான். தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், சுமார் 400 பேர், பெயரோடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதோடு. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல் (இந்தக் கலம் முகத்தல் அளவு). தேவாரம் பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர். தமிழ் பாடுவார், ஆரியம் பாடுவார் தனித்தனி. நாவிதர், தையல்காரர், கணக்கர் எல்லாரும் உண்டு. பாடுகிறவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினருக்கு அந்த வேலை. அவருக்குப் பாடத் தெரியாவிட்டால் தெரிந்தவரை நியமித்துக்கொள்ள வேண்டும்.

---

கட்ஆஃப்_172

நிறுத்துங்கள், நிறுத்துங்கள். வாரிசு வேலையா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயேவா? அப்போதும் குரூப் 4 எழுதுகிறவன் வெளியிலிருந்து வேடிக்கைதான் பார்த்திருப்பான்.

சரி, என் பங்குக்கு. உத்திரமேரூர் கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுக்கும் குடவோலை முறை, முதலாம் பராந்தகன், 919, 921. இது வராத போட்டித் தேர்வே கிடையாது. அரசியல்வாதிகளுக்கும் பிடிக்கும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் உத்திரமேரூரைச் சொன்னார். ஆனால் நாங்கள் உருப்போடுவது பாதிதான். வேட்பாளருக்கு வயது 35க்கு மேல் 70க்குள், கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு. அதாவது நான் நிற்க முடியாது. இந்த இழையில் உள்ள யாரும் நிற்க முடியாது என்று நினைக்கிறேன். பெண்கள் பேச்சே இல்லை. பிராமண ஊரின் வாரியங்களுக்கான ஏற்பாடு அது. அதுவும் ஓட்டு இல்லை, குடத்துக்குள் ஓலையைப் போட்டு ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொல்வது. குலுக்கல்.

மேடையில் யாரும் சொல்லாத பகுதி தகுதி நீக்கம். ஒருமுறை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது. அவர் மட்டுமா? சித்தி பெரியம்மா பிள்ளைகள், மாமனார், மைத்துனர், சகோதரியின் கணவர், மருமகன் என்று சொந்தக்காரர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லாருக்கும் தடை. உத்திரமேரூரைப் புகழ்பவர்கள் அந்த ஒரு விதியை மட்டும் அமல்படுத்தினால் போதும், சட்டமன்றத்தில் உட்கார நாற்காலி நிறைய மிஞ்சும்.

---

அரியர்_ஆழ்வார்

என் பெயருக்கு ஏற்ற வரலாற்றை நான் சொல்கிறேன்.

2020 ஆகஸ்ட். கொரோனா. அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும், எழுதாமலே தேர்ச்சி என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஊரெங்கும் போஸ்டர், நன்றி விளம்பரம். பழைய அரசர்கள் "சந்திராதித்தவரை", அதாவது சூரிய சந்திரர் உள்ளவரை செல்லும் என்று கல்லில் வெட்டித் தானம் கொடுத்தார்கள். எங்கள் தானம் அடுத்த கோடைவரைகூட நிற்கவில்லை. தொழில்நுட்பக் கல்விக் குழு முகத்தைச் சுளித்தது, உயர் நீதிமன்றம் தேர்வு வைக்காமல் தேர்ச்சி கிடையாது என்றது. 2021 தேர்தலில் ஆட்சியும் போனது. என் அரியர் மட்டும் சூரிய சந்திரர் உள்ளவரை இருக்கும் போல.

மாணவன் என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பவர்களுக்கு: 1967, விருதுநகர். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் வந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தார். பள்ளிக்கூடம் திறந்தார், மதிய உணவு போட்டார் என்று நாம் பரீட்சையில் எழுதுகிறோமே, அந்தக் காமராஜர்தான். அவர் திறந்த பள்ளிகளில் படித்து வந்த தலைமுறை அவர் சொந்த ஊரிலேயே அவரைத் தோற்கடித்தது. இதைப் பற்றி எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்த அபூர்வமான தேர்தல் என்று தோன்றும்.

---

புலிக்கொடி_1010

இதில் நான் அரியர் ஆழ்வார் பக்கம். எங்கள் தாத்தா கடைசிவரை காமராஜர் படத்தையும் அண்ணா படத்தையும் பக்கத்துப் பக்கத்தில்தான் மாட்டியிருந்தார்.

---

நெறியாளர்

இப்போதைய கட்சிச் சண்டைக்குள் போகிற பதிவுகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். மயில், பாம்பு, மெஸ் வரை அனுமதி.

---

மெஸ்_பாக்கி

நெறியாளர் அண்ணனுக்கு அடுத்த மாதம் ஒரு குறுணி 2 நாழி.

கீழடியை யாரும் தொடவில்லை, ஒரு வரி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமியில் என்ன எழுதியிருக்கிறது? ஆதன், குவிரன் என்று ஆள் பெயர். எழுத்து கைக்கு வந்ததும் அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று, சட்டிபானையில் பெயர் பொறிப்பது. எங்கள் விடுதியிலும் தட்டு, டம்ளர் எல்லாவற்றிலும் பெயர் வெட்டித்தான் வைத்திருக்கிறோம். அப்படியும் காணாமல் போகிறது. குவிரன் பானையும் கடைசியில் யார் வீட்டில் இருந்ததோ.

---

சபா_கேன்டீன்

பல்லவன், மகேந்திரவர்மனைச் சொன்னீர்களே, குடுமியான்மலையை விட்டுவிட்டீர்களே? புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர் இருக்கும். சிகாநாதர் கோயிலை ஒட்டிய குகைக்கு அருகே பாறையில் இசைக் கல்வெட்டு. கிரந்த எழுத்தில் சுரங்கள் நான்கு நான்காக, ஏழு பகுதி. ருத்ராசாரியரின் மாணவனான ஓர் அரசன், மாணவர் நன்மைக்காகச் செய்தது என்று முடிகிறது. மகேந்திரவர்மன் என்று ரொம்ப நாள் சொன்னார்கள், இப்போது பலர் ஒத்துக்கொள்வதில்லை. யாராக இருந்தாலும், ஒரு ராஜா தன் வாத்தியார் பெயரைப் போட்டு, ஜூனியர்களுக்காக நோட்ஸைப் பாறையில் வெட்டியிருக்கிறான். கீழே தமிழில் "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்று ஒரு குறிப்பு வேறு. எதற்கு எட்டு, எதற்கு ஏழு என்று இன்னும் இசைக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். தெளிவாக எழுதாத நோட்ஸ் எல்லாக் காலத்திலும் உண்டு.

---

அரியர்_ஆழ்வார்

அந்த நோட்ஸுக்கு ஜெராக்ஸ் கிடைக்குமா?

---

பின்வரிசை_பல்லவன்

ஆழ்வார், கல்வெட்டுப் படி எடுக்கவே ஈரக் காகிதத்தை ஒட்டி மை தட்டுவார்கள், அதுதான் ஜெராக்ஸ். ஆனால் நம்மைத் தட்ட விடமாட்டார்கள்.

தேர்வு முடிந்ததும் நானும் மெஸ்_பாக்கியும் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். புதுக்கோட்டையில் இறங்கி, அன்னவாசல் வழியாக. அப்படியே சித்தன்னவாசல் ஓவியத்தையும் பார்த்துவிடலாம். வருகிறவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள். வாத்தியார் சார், நீங்கள் வந்தால் வண்டியில் முன்சீட்டு உங்களுக்கு.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார்

வருகிறேன் தம்பி. ஞாயிற்றுக்கிழமையாக வையுங்கள், சனிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல்.